தண்ணீர் குடிக்காத துணி

வாளித் தண்ணீர் முழுவதையும் கொட்டியாயிற்று. சாம்பிள் அக்கா துணியைப் பிழிந்து, உதறி, கன்னத்தில் வைத்துப் பார்க்கிறாள். "ம்ஹூம், இன்னும் குத்துது." மறுபடி குழாயைத் திறக்கிறாள்.

இந்தத் தையல் தொழிற்சாலைக்கு எந்தப் புதுத் துணி வந்தாலும் முதல் சட்டையை வெட்டித் தைப்பது அவள்தான். வாங்குபவர் அதைத் தொட்டுப் பார்த்துத் தலையாட்டினால்தான் கீழே மெஷின்கள் ஓடும். இப்போது வந்திருப்பது ஹெம்ப், சணல் மாதிரி ஒரு செடியின் நாரில் நெய்த துணி. மொடமொடவென்று நிற்கிறது. மற்ற பெண்கள் அதற்குச் சாக்கு என்றே பெயர் வைத்துவிட்டார்கள்.

"தண்ணிய மிச்சம் பண்ற துணின்னாங்க. தொட்டியவே காலி பண்ணிட்டியேம்மா!" என்கிறார் கட்டிங் மாஸ்டர்.

"செடி குடிக்கல இல்ல? அது போதும் மாஸ்டர். பருத்தின்னா ஒரு சட்டைக்கு ஒரு கெணறு கேக்கும்."

அனுபவித்தவள் ஆயிற்றே. ஊரில் அவளும் புருஷனும் பருத்தி போட்டுப் போட்டே கிணறு அடி தட்டியது. பூச்சிமருந்து அடித்து அடித்து மண்ணும் கெட்டது. நெடிய, தோள் அகன்ற அந்தப் புருஷன் துறைமுக வேலைக்குக் கடல் தாண்டிப் போனார். இருந்தும் பருத்தியை அவள் திட்டுவதில்லை. "தொட்டா எவ்ளோ மெத்துனு இருக்கு! பாவம், அதுக்கு வயிறுதான் பெருசு."

இந்தச் சட்டை தேறினால் ஹெம்ப் பயிரிட ஆள் தேடுவார்களாம். அதைக் கேட்ட நாளிலிருந்து அவளுக்குத் தரையில் கால் பாவவில்லை. சாப்பாட்டு நேரத்தில் புருஷனுக்குப் போன் போட்டு உட்கார்ந்துவிடுகிறாள்.

"கெணத்துல ஊறுற தண்ணியே போதுமாம். மருந்தும் அவ்வளவா வேணாமாம். வந்துடுங்களேன்."

"முதல்ல துணி தேறட்டும், பாக்கலாம்."

"தேறும். நான்தானே தைக்கறேன்." கொஞ்சம் நிறுத்திவிட்டு, "உங்களப் பாக்கணும் போல இருக்குங்க" என்கிறாள்.

அந்தப் பக்கம் கிரேன் சத்தம் மட்டும் கேட்கிறது. அவள் சோற்றை அப்படியே மூடி வைத்துவிட்டுக் கத்தரிக்கோலை எடுக்கப் போகிறாள்.

மறுநாள் வாங்கும் அம்மாள் வந்தார். பொம்மைக்கு மாட்டிய சட்டையை உள்ளும் புறமும் தடவினார். "பருத்தி அளவுக்கு இல்ல. ஆனா போட்டுக்கலாம். துணி ஓகே."

அக்காவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

"அளவுதான் ஏன் இப்படி? வேற ஒண்ணு தைச்சு அனுப்புங்க."

அப்போதுதான் எல்லோரும் பார்த்தார்கள். தோள் இரண்டு பக்கமும் வழிந்தது. கை, பொம்மையின் விரலையும் தாண்டித் தொங்கியது. மாஸ்டர் கொடுத்த பேட்டர்ன் காகிதம் மேசையில் மடிப்புக் கலையாமல் கிடந்தது.

அந்த அம்மாள் போன பிறகு மாஸ்டர் டேப்பை வைத்து அளந்து பார்த்தார். "இது யாரு அளவும்மா?"

அவள் பொம்மையின் எதிரே போய் நின்று, திறந்திருந்த மேல் பட்டனைப் போட்டாள். தோளில் ஒட்டியிருந்த நூல் பிசிறை மெல்ல எடுத்துவிட்டாள்.