சுகமா என்று கேட்டதாக நினைத்தேன்

மலாயா சுதந்திரம் அடைந்து ஒரு வருடம் ஆகியிருந்தது. நான் மலாக்காவுக்கு வந்து ஆறு வாரம்தான். நாகப்பட்டினத்தில் கப்பலேறி, சிங்கப்பூரில் சித்தப்பா வீட்டில் மூன்று மாதம் தங்கிவிட்டு, இங்கே ஜாலான் பெண்டஹாரா என்ற தெருவில் ஒரு ஜவுளிக்கடையில் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். அப்போது எனக்கு இருபத்து நான்கு வயது. கல்யாணம் ஆகவில்லை.

கடையின் பின்கட்டில் துணி மடித்து அடுக்குவது என் வேலை. முன்பக்கம் வியாபாரம் முழுக்க மலாயில் நடக்கும். எனக்கு அந்த மொழியில் மூன்று நான்கு வார்த்தைகளுக்கு மேல் தெரியாது. 'யா' என்றால் ஆமாம். 'மாக்கான்' என்றால் சாப்பிடுவது. 'சாயா' என்றால் நான். இன்னொன்று, முதலாளி என்னைப் பார்த்துத் தினமும் சொல்கிற 'போடோ'. முட்டாள் என்று அர்த்தம்.

கடையில் என்னோடு வேலை பார்த்த அண்ணன் ஒருவர் எனக்கு ஒரு வழி சொல்லிக்கொடுத்திருந்தார். "யார் என்ன கேட்டாலும் 'யா'ன்னு சொல்லி ஒரு சிரிப்பு சிரிச்சிடு. ஒரு வம்பும் வராது." ஆறு வாரமாக அப்படித்தான் காலம் தள்ளிக்கொண்டிருந்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அவர்தான் என்னைக் கிளப்பிவிட்டார். "காஜா பெராங்ல செட்டிங்க வீட்டுப் பொம்பளைங்க ஒண்ணா சேந்து பாசார்னு சந்தை போடுறாங்க. கையால செஞ்ச சாமான், பலகாரம்னு எல்லாம் இருக்கும். நம்ம சாமியத்தான் கும்புடுறாங்க. சும்மா ரூம்ல படுத்துக் கெடக்காம போய்ப் பாருலா."

செட்டி என்றதும் என் மனம் நேராகக் காரைக்குடிக்குப் போய்விட்டது. பணியாரம் கிடைக்கும், வாய் நிறையத் தமிழ் பேசலாம். இருந்த ஒரே வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டு, தலையைப் படிய வாரிக்கொண்டு கிளம்பினேன்.

அங்கே ஒரு கோயிலை ஒட்டிய வெளியில், மர நிழலில், வீட்டு மேசைகளையும் பாய்களையும் போட்டுக் கடை விரித்திருந்தார்கள். பாசிமணி கோத்த செருப்பு, பூத்தையல் போட்ட மேல்சட்டைகள், தாழை ஓலைக் கூடைகள். இன்னொரு பக்கம் வாழையிலையில் மடித்த பலகாரங்களும் நீல நிறத்தில் சோறும். நீலச் சோற்றை நான் அன்றுதான் பார்த்தேன். சீனர்கள், மலாய்க்காரர்கள் என்று எல்லோரும் வந்து வாங்கிக்கொண்டிருந்தார்கள். சுதந்திர தினத்துக்குக் கட்டிய காகிதக் கொடிகள் மரங்களில் இன்னும் அவிழ்க்கப்படாமல் ஆடின.

கடை போட்டிருந்த பெண்களைப் பார்த்ததும் எனக்குத் தலை சுற்றியது. முகம் நம் முகம். நெற்றியில் பொட்டு. ஆனால் உடுத்தியிருந்தது மலாய்ப் பெண்களைப்போலக் கைலியும் மேல்சட்டையும். முதல் மேசையில் இருந்தவரிடம், "அக்கா, இது என்ன பலகாரம்?" என்றேன். அவர் சிரித்துக்கொண்டே மலாயில் ஏதோ சொன்னார். நான் திரும்பக் கேட்டேன். அவரும் திரும்ப மலாயிலேயே சொன்னார்.

பக்கத்தில் திருநீறு பூசிய ஒருவர் கூடைகளை அடுக்கிக்கொண்டிருந்தார். "ஐயா, நீங்க தமிழ் ஆளுங்கதானே?" என்று கேட்டேன்.

"யா, யா" என்றார் அவர், அகலமாகச் சிரித்தபடி. அதன் பிறகு ஒரு வார்த்தைகூடத் தமிழ் வரவில்லை. என்னுடைய தந்திரத்தை என்னிடமே காட்டுகிறாரோ என்று தோன்றியது. ஊருக்குப் புதியவன் என்று தெரிந்து எல்லோரும் சேர்ந்து விளையாடுகிறார்களோ என்றுகூட நினைத்தேன். கோயிலுக்குள் எட்டிப் பார்த்தேன். பிள்ளையார் நம்ம ஊர்ப் பிள்ளையார்தான். கும்பிட்டுவிட்டு, இனி வாயைத் திறப்பதில்லை என்று முடிவு செய்துகொண்டு திரும்பி நடந்தேன்.

அப்போதுதான் கடைசி மேசைக்குப் பின்னால் இருந்து ஒரு அம்மா எழுந்து, என்னை ஏற இறங்கப் பார்த்தார். ஐம்பது வயது இருக்கும். முகம் மலர, "சிங்கப்பூரா?" என்று கேட்டார்.

அப்பாடா, தமிழ்! நான் சிங்கப்பூரிலிருந்து வந்தவன் என்பது இவருக்கு எப்படித் தெரிந்தது என்றெல்லாம் யோசிக்கவில்லை. "யா, சிங்கப்பூர்தான்!" என்றேன்.

அவ்வளவுதான். ஒரு முக்காலி வந்தது. கை கழுவத் தண்ணீர் வந்தது. சுற்றிலும் நான்கைந்து பெண்கள் கூடிவிட்டார்கள். "மாக்கான், மாக்கான்" என்று இலையில் தேங்காய்ப்பால் சோறும், மீனும், இறால் மணக்கும் மிளகாய்ச் சம்பலும் வைத்தார்கள். சம்பல் உறைப்பில் என் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது. அதைப் பார்த்து ஒரு பெண் இன்னொருத்தியின் தோளில் இடித்துக்கொண்டு சிரித்தாள். அந்த அம்மா கேள்விமேல் கேள்வி கேட்டார். நான் ஒவ்வொன்றுக்கும் "யா" என்று சொல்லிச் சிரித்தேன். நான் சொல்லச் சொல்ல அவர் முகம் இன்னும் இன்னும் மலர்ந்தது. எவ்வளவு நல்ல மனுஷி, வாடிக்கையாளரை இப்படியும் கவனிப்பார்களா என்று நான் நெகிழ்ந்துபோயிருந்தேன்.

மேசையின் மறுபக்கம் அவருடைய மகள், இருபது வயதுப் பெண், தலையைக் குனிந்தபடி ஒரு துணியில் பூ தைத்துக்கொண்டிருந்தாள். அம்மா அந்தத் துணியை வாங்கி என் முன்னால் விரித்தார். பிறகு மகள் பக்கம் கையைக் காட்டி, என் கண்ணைப் பார்த்து ஒரே வார்த்தையில் கேட்டார்:

"சுகா?"

சுகமா என்று கேட்கிறார்! ஊரைவிட்டு வந்த இத்தனை நாளில் என்னை யாரும் அப்படிக் கேட்டதில்லை. "சுகம்மா, ரொம்ப சுகம்!" என்று உரக்கச் சொன்னேன்.

பெண்கள் எல்லோரும் கைதட்டிச் சிரித்தார்கள். அந்தப் பெண் ஒரு தடவை நிமிர்ந்து என்னைப் பார்த்துவிட்டுச் சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள். கோயிலுக்குள்ளிருந்து ஒரு வெற்றிலைத் தட்டு வந்தது. அம்மா அதை இரண்டு கையாலும் நீட்டினார். தமிழனாகப் பிறந்தவனுக்கு அப்போதாவது உறைத்திருக்க வேண்டும். எனக்கு உறைக்கவில்லை. நானும் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டேன்.

சரியாக அந்த நேரத்தில் மூன்று பேர் வேர்க்க விறுவிறுக்க வந்து மேசை முன்னால் நின்றார்கள். நடுவில் என் வயதில் ஒரு இளைஞன். அவனும் வெள்ளைச் சட்டைதான். கூட ஒரு பெரியவரும் ஒரு பெண்மணியும். பெரியவர் தன்னை அறிமுகம் செய்துகொள்வதுபோல ஏதோ சொன்னார். சொல்லும்போதே அவர் கண் என்மேல் விழுந்தது. என் கையிலிருந்த தட்டின்மேல் விழுந்தது.

அந்த அம்மாவின் முகத்தில் ரத்தமே இல்லை. பெரியவர் குரலை உயர்த்தினார். அம்மா என்னையும் அந்த இளைஞனையும் மாறி மாறிப் பார்த்தார். பாசாரில் பாதிப் பேர் திரும்பிப் பார்த்தார்கள். எனக்கு ஒன்றுமே விளங்கவில்லை. தட்டைக் கீழே வைப்பதா, எழுந்து நிற்பதா, எதுவும் தெரியவில்லை. பழக்க தோஷத்தில், பெரியவர் என்னைப் பார்த்து ஏதோ கேட்டபோதும், "யா" என்று சொல்லிச் சிரித்துத் தொலைத்தேன். அவர் விடுவிடுவென்று திரும்பி நடந்தார். மற்ற இருவரும் பின்னால் போனார்கள்.

பலகாரம் வாங்க வந்திருந்த ஜவுளி வியாபாரி பாய் ஒருவர், எங்கள் கடைத் தெருக்காரர், என் தோளைப் பிடித்து இழுத்தார்.

"தம்பி, நீங்க என்ன காரியம் பண்ணிட்டீங்க? அந்தப் பையன் சிங்கப்பூர்லருந்து வந்த மாப்பிள்ளை. இந்தப் பொண்ணப் பாக்க வரேன்னு கடுதாசி போட்டிருக்காங்க. வர்ற வழியில மூவார் ஆத்துல படகு லேட்டாயிடுச்சு. இவங்க இதுக்கு முன்ன அவரைப் பாத்ததில்ல. நீங்கதான் அவருன்னு நெனச்சுட்டாங்க."

"நான் ஒண்ணும் சொல்லலியே பாய்! சிங்கப்பூரான்னு கேட்டாங்க, ஆமான்னேன். சுகமான்னு கேட்டாங்க, சுகம்னு சொன்னேன்."

பாய் தலையில் அடித்துக்கொண்டார். "அட ஆண்டவா! மலாய்ல அந்த ஊருக்குப் பேரே சிங்கப்பூராதான். சுகான்னா மலாய்ல பிடிச்சிருக்கான்னு அர்த்தம். பொண்ணப் பிடிச்சிருக்கான்னு கேட்டிருக்காங்க. நீங்க ரொம்பப் பிடிச்சிருக்குன்னு இத்தன பேர் முன்னால சொல்லிருக்கீங்க."

"இவங்க தமிழ் ஆளுங்கதானே? ஏன் தமிழ் பேசல?"

"இவங்க வேற செட்டிங்க, பல நூறு வருசமா இங்கயே இருக்கறவங்க தம்பி. வீட்டுப் பேச்சு மலாய்தான். சாமி மட்டும் நம்ம சாமி. சரி, நீங்க நடையக் கட்டுங்க. நான் பேசிப் பாக்கறேன்."

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். பாய் சொன்னதைக் கேட்டதும் என் மனதில் முதலில் வந்தது வெட்கம் இல்லை. அந்தப் பெண் நிமிர்ந்து பார்த்த பார்வைதான் வந்தது. ஒரு நிமிஷம், ஒரே ஒரு நிமிஷம், இப்படியே நடந்துவிட்டால்தான் என்ன என்று நினைத்தேன். பிறகு அவளைத் திரும்பிப் பார்த்தேன். அவள் அழவில்லை. தைத்த பூவை ஊசி நுனியால் ஒவ்வொரு நூலாகப் பிரித்துக்கொண்டிருந்தாள். அக்கம்பக்கத்துப் பெண்கள் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் என் அறைக்குப் போய்ப் போர்த்திக்கொண்டு படுத்துவிடலாம். அவள் இதே தெருவில்தான் நாளைக்கும் நடமாட வேண்டும்.

நான் ஓடினேன்.

தெரு முனையில் அவர்கள் மூன்று சக்கர ரிக்‌ஷா ஒன்றில் ஏறிக்கொண்டிருந்தார்கள். நான் போய் அதன் முன்னால் கையைக் கூப்பிக்கொண்டு நின்றேன். பெரியவர் கத்தினார். என்ன சொல்வது? எந்த மொழியில் சொல்வது? தமிழில் என்னென்னவோ பேசினேன். அவர்களும் இதே மக்கள்தான், தமிழ் புரியவில்லை. கடைசியில் என் நெஞ்சில் நானே குத்திக்கொண்டு, எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன்.

"சாயா போடோ."

பெரியவர் பேச்சை நிறுத்தினார். நான் மறுபடியும் சொன்னேன். "சாயா போடோ. சாயா போடோ." பிறகு வயிற்றைத் தொட்டுக் காட்டி, "சாயா மாக்கான்" என்றேன். சாப்பிடத்தான் வந்தேன், வேறொன்றும் இல்லை என்று சொல்ல நினைத்தேன். அந்த இளைஞன் முகத்தைப் பார்த்து, அவனைக் காட்டி, கோயில் பக்கம் கையைக் காட்டிக் கும்பிட்டேன். என் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. இந்தத் தடவை அது சம்பலால் வந்ததில்லை.

முதலில் சிரித்தது அந்த இளைஞன்தான். அடக்கப் பார்த்து முடியாமல் சிரித்தான். பிறகு அந்தப் பெண்மணி. பாய் மூச்சிரைக்க வந்து சேர்ந்து, நடந்ததை மலாயில் விளக்கினார். 'சுகம்' என்ற இடம் வந்தபோது பெரியவர்கூடத் தாடையைத் தடவிக்கொண்டு வேறு பக்கம் பார்த்தார். பிறகு ரிக்‌ஷாவிலிருந்து இறங்கினார்.

நான் அவர்களோடு திரும்பிப் போகவில்லை. போகிற தைரியம் இல்லை. தெரு முனையிலேயே நின்றுகொண்டிருந்தேன். வெகு நேரம் கழித்துப் பாய் கையில் பொட்டலத்தோடு வந்தார். கூடவே அந்த அம்மாவும் வந்தார். திட்டப் போகிறார் என்று தலையைக் குனிந்துகொண்டேன். அவர் பொட்டலத்தை என் கையில் வைத்து நீளமாக ஏதோ சொன்னார். என் வாயில் 'யா' வந்துவிட்டது. அதை விழுங்கிவிட்டு, தெரியவில்லை என்று தலையை ஆட்டினேன். அவர் கடகடவென்று சிரித்தார். அதையே இன்னொரு தடவை, குழந்தைக்குச் சொல்வதுபோல மெதுவாகச் சொன்னார்.

பாய் தமிழில் சொன்னார்: "அடுத்த ஞாயித்துக்கிழமையும் வரணுமாம். சாப்பிட மட்டும்."

போனேன். அடுத்த வாரமும், அதற்கடுத்த வாரமும். என் மலாய் முழுக்க அந்த மேசை ஓரத்தில் கற்றதுதான். நான் தப்பாகச் சொல்லும் ஒவ்வொரு வார்த்தைக்கும் அந்தத் தெருவே சிரிக்கும். ஆனால் என்னைத் திருத்தாமல் யாரும் விட்டதில்லை. அந்தப் பெண்ணுக்கும் சிங்கப்பூர் இளைஞனுக்கும் அந்த வருஷக் கடைசியில் அதே கோயிலில் கல்யாணம் நடந்தது. பந்தியில் என்னைக் காட்டிக் காட்டிச் சிரித்தார்கள். மாப்பிள்ளை என்னைத் தன் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டான். நான் அவனைப் பார்த்துச் சிரித்தேன். பெண்ணை மட்டும் நிமிர்ந்து பார்க்கவில்லை.

பிறகு எனக்கும் பத்து பெரெண்டாம் என்ற ஊர்ப் பக்கத்திலிருந்து பெண் பார்த்துக் கல்யாணம் ஆனது. பிற்பாடு சொந்தமாகக் கடையும் வைத்தேன். முன்னால் நின்று எல்லா மொழியிலும் வியாபாரம் செய்தேன். அந்த மக்களைப் பற்றி, தமிழை மறந்தவர்கள் என்று யாராவது என் காதுபட இளக்காரமாகப் பேசினால் எனக்குப் பொறுக்காது. அன்றைக்கு அந்தப் பாசாரில் பேச்சு இல்லாமல் நின்றவன் நான் ஒருவன்தான்.

இன்றும் ஊருக்குப் புதிதாக வந்த ஒருவர், நான் சொல்வதற்கெல்லாம் தலையாட்டிச் சிரித்தால் எனக்குள் ஒரு கலவரம் எழும். அவருக்குப் புரிந்துவிட்டது என்று நான் எடுத்துக்கொள்வதில்லை, பக்கத்தில் உட்காரவைத்து முதலிலிருந்து இன்னொரு தடவை மெதுவாகச் சொல்கிறேன்.