ஓட்டுகிறவன் மிதிக்காத பிரேக்

போன செவ்வாய்க்கிழமை காலை ஏழரை மணிக்கு, கியாக்தானிலிருந்து யாங்கோன் வரும் ரோட்டில், புத்தம் புது பிக்கப் ஒன்று தானாக நின்றது.

தானாக என்றால் தானாகவே. ஓட்டியவன் பிரேக்கைத் தொடவில்லை. முன்னால் லாரி இல்லை, மாடு இல்லை, மனிதர் இல்லை. நல்ல ரோடு, நல்ல வெளிச்சம். டாஷ்போர்டில் சிவப்பாக ஒரு படம், 'பீப்' என்று ஒரு சத்தம்... அடுத்த நொடி வண்டி ஆணி அடித்த மாதிரி நின்றுவிட்டது.

பின்னால் மீன் பெட்டிகளோடு உட்கார்ந்திருந்த கோ ஜோ நிற்கவில்லை. அவர் அதே வேகத்தில் போய் கேபினின் முதுகில் மோதினார். வலது மணிக்கட்டு உடைந்தது. நெற்றியில் நாலு தையல்.

ஓட்டியவன் என் மாமா மகன் செல்வம். கோ ஜோ, செல்வத்தின் மனைவி மா எய்க்கு அண்ணன். அந்த வண்டியை வாங்கச் சொன்னது யார் தெரியுமா?

நான்தான்.

என் பிக்கப் பைத்தியம் இந்தப் பத்தியைத் தொடர்ந்து படிப்பவர்களுக்குப் புதிதில்லை. இரண்டு மாதத்துக்கு முன் இதே இடத்தில் அந்த வண்டியை ஓட்டிப் பார்த்துவிட்டு வந்து, 'மனிதன் யோசிக்கும் முன்பே யோசிக்கிற வண்டி' என்று குதித்துக் குதித்து எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டுத்தான் செல்வம் தன் பழைய வண்டியை விற்றான். அந்த வரியை இன்று வாபஸ் வாங்குகிறேன். கோ ஜோவின் மணிக்கட்டு அதனால் சேர்ந்துவிடாது என்பது தெரியும்.

செல்வத்தின் பிழைப்பு என்னவென்று சொல்லிவிடுகிறேன். விடிகிற நேரத்தில் அவனும் கோ ஜோவும் தின்கன்ஜூன் வீட்டிலிருந்து கிளம்பி, பாலம் தாண்டி, கியாக்தான் படகுத்துறைக்குப் போவார்கள். கோ ஜோ மீனின் செவுளைக் கட்டைவிரலால் தூக்கிப் பார்ப்பார். எப்போது பிடித்த மீன், எத்தனை நேரம் ஐஸில் கிடந்தது என்று சொல்லிவிடுவார். செல்வத்துக்கு வண்டி ஓட்டத் தெரியும், பேசத் தெரியும். மீன் தெரியாது. தாமுவே மார்க்கெட்டில் நாலு கடைக்காரர்கள் செல்வத்திடம் வாங்குகிறார்கள் என்றால், அது கோ ஜோவின் கட்டைவிரலை நம்பித்தான்.

சரி, அந்த மனிதர் ஏன் பின்னால் உட்கார்ந்தார்? நாலு கதவு வண்டியாயிற்றே, உள்ளே இடமில்லையா?

இருக்கிறது. க்ரீம் கலர் லெதர் சீட் இருக்கிறது. மீன் தண்ணீரில் நனைந்த லுங்கியோடு ஒரு மனிதர் அதில் எப்படி உட்காருவார்? செல்வம் எவ்வளவோ கூப்பிட்டான். கோ ஜோ சீட்டை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "கல்யாண மாப்பிள்ளைய கூப்பிட்டு உட்கார வை" என்று சொல்லிவிட்டுப் பின்னால் ஏறிவிட்டார். பிக்கப்புக்கு க்ரீம் கலர் சீட் வைத்தவன் வாழ்க்கையில் ஒரு மீனையாவது தூக்கியிருப்பானா?

இன்னொரு காரணமும் இருக்கிறது. பழைய வண்டிகளில் பாடிக்கு வெளியே வரிசையாகக் கயிறு கட்டும் கொக்கிகள் இருக்கும். பெட்டிகளை அடுக்கி, குறுக்கே கயிற்றை இழுத்துக் கட்டினால் பூகம்பம் வந்தாலும் அசையாது. புது வண்டியில் கொக்கி கிடையாது. 'பக்கவாட்டு அழகு' கெட்டுவிடுமாம். உள்ளே நாலு மூலையில் நாலு பிளாஸ்டிக் வளையம் வைத்திருக்கிறார்கள். ஒன்று முதல் வாரமே கையோடு வந்துவிட்டது. அதனால் பெட்டி சறுக்காமல் பிடித்துக்கொள்ள ஒரு ஆள் வேண்டியிருந்தது. கொக்கி இருக்க வேண்டிய இடத்தில் கோ ஜோ இருந்தார்.

இனி, வண்டி ஏன் நின்றது?

இந்த இடத்தில் என் கோபம் கொஞ்சம் என் மேலேயே திரும்புகிறது.

நம் ஊரில் புது வண்டி வந்தால் என்ன செய்வோம்? செல்வம் தன் பங்குக்கு அம்மன் கோயிலுக்குப் போய் நாலு டயருக்கும் எலுமிச்சம்பழம் வைத்து ஏற்றினான். மா எய் தன் பங்குக்கு அவனைப் புத்தர் கோயிலான பகோடாவுக்குக் கூட்டிப்போய் தபியே இலை வாங்கிவந்தாள். நமக்கு மாவிலை மாதிரி அவர்களுக்குத் தபியே. நல்லது நடக்கும் இடத்தில் எல்லாம் ஒரு கொத்து இருக்கும். அதைச் சரிகை ரிப்பனோடு சேர்த்து வண்டியின் இரண்டு பக்கக் கண்ணாடியிலும் கட்டுவதுதான் வழக்கம். யாங்கோனில் கொத்து கட்டாத டாக்ஸியை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா?

ஆனால் இந்த வண்டிக்குக் கண்ணாடி தானாக மடங்கும். பூட்டினால் மடங்கி, திறந்தால் விரிந்து... ஒரே நாளில் இலையெல்லாம் நசுங்கி ரிப்பன் கிழிந்துவிட்டது. மா எய்யின் முகம் வாடிவிட்டது. நான் உடனே முன்னால் பாய்ந்தேன். மெக்கானிக்கல் படித்தவன் அல்லவா?

"விடுங்க, நான் கட்டுறேன். கிரில்லுக்கு நடுவுல கட்டுனா மடங்கவும் மடங்காது, பார்க்கவும் ஜம்முன்னு இருக்கும்."

கிரில்லுக்கு நடுவில் கறுப்பாக, பளபளப்பாக ஒரு சதுரம் இருந்தது. அதன் மேலேயே, ரிப்பன் தொங்கத் தொங்க, என் கையால் கட்டினேன். அந்தச் சதுரத்துக்குப் பின்னால்தான் வண்டியின் கண் இருக்கிறது. முன்னால் தடங்கல் இருக்கிறதா என்று பார்க்கிற கண். காற்றில் சரிகை ஆடிய ஏதோ ஒரு நொடியில், எதிரே சுவர் வந்துவிட்டது என்று அது முடிவு செய்துவிட்டது.

ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்ட கையோடு கோ ஜோ தன் பாதித் தமிழில் கேட்டார்:

"தம்பி, வண்டி என்னாத்தெ பார்த்து பயந்துச்சு?"

"இலையைப் பார்த்து, அகோ," என்றேன். பர்மியத்தில் அகோ என்றால் அண்ணன்.

"இலைக்கா?" சிரிக்கப் போனவர், தையல் இழுத்ததும் நெற்றியைப் பிடித்துக்கொண்டார். "இம்மாம் பெரிய வண்டி... இலைக்கு பயப்படுது. ஆடு கூட இலைக்கு பயப்படாது."

மா எய் சிரிக்கவில்லை. என்னைப் பார்த்து பர்மியத்தில் பேசினாள். "உங்க பத்திரிகையில இலையைப் பத்தி எழுதலையே?"

வீட்டுக்கு வந்ததும் தபியேயை அவளே அவிழ்த்தாள். காய்வதற்கு முன் அவிழ்க்கக் கூடாது என்பது வழக்கம். அவிழ்த்த கொத்தைப் பூஜை அலமாரியில் வைத்துவிட்டு, ரொம்ப நேரம் அங்கேயே நின்றாள்.

இதோடு முடிந்திருந்தால் 'முட்டாள் ஒருவன் இலை கட்டிய கதை' என்று எழுதிவிட்டுப் போயிருப்பேன். மறுநாள், புதன்கிழமை, கிரில்லில் இலையும் இல்லை, ரிப்பனும் இல்லை. தாமுவே மார்க்கெட் வாசலில் ஒரு சைக்கா — மூன்று சக்கர சைக்கிள் ரிக்‌ஷா — வழக்கம்போல ஒரு முழ இடைவெளியில் குறுக்கே வளைந்து போனது. யாங்கோனில் அது தடங்கலா? அதுதான் டிராஃபிக். வண்டி மறுபடியும் நின்றது. இரண்டு பெட்டி கவிழ்ந்து, ஐஸும் மீனும் ரோட்டில்.

இந்த பிரேக் நல்ல கண்டுபிடிப்பு. இல்லை என்று சொல்லவில்லை. தூங்கி வழிகிற டிரைவரை அது காப்பாற்றும். ஆனால் அதைச் செய்தவர்கள் வண்டிக்கு முன்னால் இருப்பதை மட்டும்தான் யோசித்திருக்கிறார்கள். பின்னால்? பிக்கப் என்பதே பின்பக்கத்துக்காக இருக்கிற வண்டிதானே!

அணைத்து வைக்கலாமே என்பீர்கள். வைக்கலாம். திரையில் மூன்று பக்கம் தாண்டி, 'நிச்சயமாகவா?' என்று அது கேட்பதற்கு ஆமாம் சொன்னால் அணையும். இன்ஜினை நிறுத்தி மறுபடி ஸ்டார்ட் செய்தால்... அதுவும் முழித்துக்கொள்ளும். பெட்ரோல் பங்க் க்யூவில் பத்தடிக்கு ஒருமுறை இன்ஜினை நிறுத்துகிற ஊர் இது. செல்வம் எத்தனை முறை 'நிச்சயமாக' சொல்வான்?

கோ ஜோ தெளிவாகச் சொல்லிவிட்டார்.

"கை சரியானாலும் அதுல ஏற மாட்டேன். பஸ்ஸில போறேன்."

"பஸ்ஸில போயி சேர்றதுக்குள்ள நல்ல மீனெல்லாம் போயிரும், அகோ," என்றான் செல்வம்.

"அப்ப வண்டிகிட்ட சொல்லு. என்னை கேட்டுக்கிட்டு நிக்கட்டும்."

அவர் வராவிட்டால் செல்வம் மீன் வியாபாரி இல்லை, வெறும் டிரைவர். அதனால் வியாழக்கிழமை நானும் அவனும் ஷோரூமுக்குப் போனோம். எங்கள் கோரிக்கை ஒன்றே ஒன்று. ஒருமுறை அணைத்தால் அந்த பிரேக் அணைந்தே இருக்க வேண்டும்.

ஏசி குளிரில், டை கட்டிய ஒரு இளைஞர் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். என் வயதுதான் இருக்கும். கம்ப்யூட்டரில் என்னவோ தட்டினார். எட்டிப் பார்த்தேன். 'சென்சார் மேல் இருந்த அந்நியப் பொருள் அகற்றப்பட்டது.'

"அது அந்நியப் பொருள் இல்லை. தபியே," என்றேன்.

"தெரியும், அகோ. எங்க அம்மாவும் கட்டுவாங்க. லிஸ்ட்ல தபியேன்னு ஒண்ணு இல்லை."

"சரி, அந்த பிரேக்கை நிரந்தரமா அணைச்சுக் கொடுங்க."

"முடியாது. டிசைனே அப்படி."

"இவர் மச்சான் கை உடைஞ்சு கிடக்கார்."

அவர் தலையணை மாதிரி இருந்த மேனுவலை எடுத்து ஒரு பக்கத்தைத் திருப்பிக் காட்டினார். பிக்கப்பின் பின்னால் ஒரு பொம்மை மனிதன் உட்கார்ந்திருக்கிறான். அவன் மேல் சிவப்பாக ஒரு பெருக்கல் குறி. "பின்னால ஆள் ஏறவே கூடாது, அகோ. ஏறினா கம்பெனி பொறுப்பில்லை."

செல்வம் அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். "என் மச்சான இவ்வளவு சின்னதா வரைஞ்சிருக்கான்," என்றான்.

எனக்கு ரத்தம் கொதித்தது. இந்தப் பக்கத்தை எழுதியவனுக்கு இந்த ஊர் தெரியுமா? இங்கே கல்யாணக் கூட்டம் போவது பிக்கப்பின் பின்னால். கால்பந்து டீம் போவது அதில். சாவு வீட்டுக்குப் போவதும் அதில். வாசகர்கள் எனக்கு எழுதுவதெல்லாம் ஞாபகம் வந்தது. பின்கதவைத் திறக்கப் பட்டன் மட்டும் வைத்தார்கள், பேட்டரி செத்த அன்று நாற்பது மூட்டை வெங்காயம் உள்ளேயே கிடந்தது என்று ஒரு தாமுவே கடைக்காரர் எழுதியிருந்தார். ஸ்டெப்னி டயருக்குப் பதில் பஞ்சருக்கு ஒரு ஸ்ப்ரே தந்திருக்கிறார்கள், மழைக்காலப் பள்ளத்தில் டயரே கிழிந்தால் அதை எங்கே அடிப்பது என்று இன்னொருவர் கேட்டிருந்தார். இவர்கள் நமக்கு விற்பது பிக்கப் இல்லை. பிக்கப் வேஷம் போட்ட கார். விளம்பரத்தில் அது மலை ஏறுகிறது, ஆறு தாண்டுகிறது... ஒரே ஒரு மூட்டை தூக்கி நீங்கள் பார்த்ததுண்டா?

அந்த இளைஞரிடம் ஒன்று மட்டும் கேட்டேன். "நீங்க பின்னால ஏறினதே இல்லையா?"

டையைச் சரி செய்துகொண்டார். "கம்பெனி பாலிசி, அகோ," என்றார், மெதுவாக.

செல்வம் வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டான். என் கோபம் அடங்கவில்லை. எதிரே இருந்த டீக்கடையில் உட்கார்ந்து ஒரு டீ, இன்னொரு டீ. மழை தூற ஆரம்பித்தது. ஐந்தரை மணிக்கு ஷோரூம் கதவு திறந்தது. அதே இளைஞர். குடை இல்லை.

பழைய லைன் கார் ஒன்று வந்தது. பின்னால் பெஞ்சு போட்டு ஆள் ஏற்றுகிற பிக்கப். என் வயதைவிட அதற்கு வயது அதிகம் இருக்கும். உள்ளே இடமே இல்லை. படியில் ஏற்கனவே ஆறு பேர். இளைஞர் டையைத் தூக்கித் தோளுக்குப் பின்னால் போட்டார், ஒரு காலைப் படியில் வைத்தார், கம்பியைப் பிடித்தார். ஏழாவது ஆளாகத் தொங்கினார். அப்போது என்னைப் பார்த்துவிட்டார். முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை. அவருக்கும் வேறு வழி இல்லை என்பது அந்தப் பார்வையில் இருந்தது. என் கோபத்தில் அவருக்குரிய பங்கு அங்கேயே கரைந்துவிட்டது. மேனுவல் எழுதியவனின் பங்கு இரட்டிப்பானது.

வண்டி நகர்ந்தது. நாலு அடி போவதற்குள் ஒரு சைக்கா குறுக்கே வளைந்தது. நான் என்னை அறியாமல் எழுந்து நின்றுவிட்டேன். லைன் கார் டிரைவர் லேசாக வேகத்தைக் குறைத்தார், லேசாக ஒடித்தார். தொங்கிய ஏழு பேரும் ஒரே பக்கம் சாய்ந்து, ஒரே பக்கம் நிமிர்ந்தார்கள். டை மட்டும் ஆடியது.

பின்னால் எத்தனை பேர் தொங்குகிறார்கள் என்று அந்த டிரைவரின் காலுக்குத் தெரியும்.

இதை அன்று சாயங்காலமே செல்வத்துக்குப் போன் போட்டுச் சொன்னேன். அந்தப் பக்கம் அவன் யாரோடோ பர்மியத்தில் பேசுவது கேட்டது. பிறகு வந்தான்.

"அந்தப் பழைய லைன் கார் விலைக்கு வருமான்னு கோ ஜோ கேக்குறாரு."