இடது உனக்கு

இந்த உலகத்தில் இதுவரை எறியப்பட்ட பொருட்களில் என் சித்தியைத் தாண்டிப் போனது காலம் ஒன்றுதான். அதையும் ஒருமுறை முழங்காலால் தட்டி வெளியே அனுப்பினாள் என்று பார்த்தவர்கள் சொல்கிறார்கள். சித்தி கையை விரித்து கோல் முன்னால் நின்றால் காற்றுகூட அனுமதி கேட்டுத்தான் வலைக்குள் போகும். இடி, மின்னல், வால்நட்சத்திரம் எதுவானாலும் கோட்டுக்கு அந்தப் பக்கமே நிற்க வேண்டும். உள்ளே கால் வைத்தால் ஃபவுல்.

கிளப்பின் மலருக்கு எழுதும்போது கொஞ்சம் தூக்கி எழுது என்று பி.டி. டீச்சர் சொல்லியிருந்தார். தூக்கிவிட்டேன். இனி கீழே இறக்கி வைத்துவிட்டு நடந்ததைச் சொல்கிறேன்.

சித்தி என் அம்மாவின் தங்கை. எங்களோடுதான் இருக்கிறாள். பெரிய ஆஸ்பத்திரியின் சலவைப் பிரிவில் வேலை. ஜன்னலே இல்லாத நீளமான கூடம் அது. ஒரு பக்கம் ஆளுயர மெஷின்கள் உருளும், மறுபக்கம் ஆவி இஸ்திரிப் பெட்டிகள் சீறும். நடுவில் உள்ள மேசையில் போர்வைகள் மலையாகக் குவிந்து கிடக்கும். போர்வை மடிக்க இரண்டு பேர் வேண்டும். எந்த மூலையை யார் பிடிப்பது என்று அந்த இரைச்சலில் விளக்கிக்கொண்டிருக்க முடியாது. அதனால் இரண்டே வார்த்தைதான்: எனக்கு, உனக்கு.

எங்கள் ஊர் பெண்கள் ஹேண்ட்பால் கிளப் தொடங்கியதற்குக் காரணம் ஒரு துருப்பிடித்த வளையம். பள்ளிக்கூடத்துச் சிமென்ட் தளத்தில் இருந்த கூடைப்பந்து வளையம் ஒருநாள் கழன்று விழுந்தது. யாரும் அதைத் திரும்ப மாட்டவில்லை. பி.டி. டீச்சர் பொறுத்துப் பார்த்துவிட்டு, வளையமே தேவைப்படாத ஒரு ஆட்டத்தைக் கண்டுபிடித்துக்கொண்டு வந்தார். பள்ளிப் பிள்ளைகள் போதவில்லை என்று வேலைக்குப் போகும் பெண்களையும் சேர்த்தார். ஒரு கோல் இரும்புக் குழாயில் பற்றவைத்தது. இன்னொன்று சுவரில் சிவப்பு பெயின்ட்டில் வரைந்தது. வரைந்த கோலுக்கு முன்னால் நிற்க யாருக்கும் மனசில்லை. பந்து ஒருமுறை ஆளை அடித்துவிட்டுப் போய், சுவரில் பட்டுத் திரும்பி வந்து மறுபடியும் அடிக்கும். சலவை வேலை முடிந்து கடைசியாக வந்து சேர்ந்தவள் சித்தி. மிச்சமிருந்த இடம் அதுதான்.

முதல் வருஷம் ஒரு ஆட்டம்கூட ஜெயிக்கவில்லை. யார் வேண்டுமானாலும் உள்ளே வரலாம் என்பதால் வெளியூர்க்காரர்கள் எங்கள் அணிக்குத் தர்மசத்திரம் என்று பேர் வைத்தார்கள். இரண்டாவது வருஷம் அந்தச் சத்திரத்துக்குக் கதவு வந்துவிட்டது என்றார்கள். கதவு என்பதே சித்தியின் பெயராக நிலைத்துப்போனது. சம்பளம் வாங்கும்போது மேஸ்திரிகூடக் கதவு என்றுதான் கூப்பிடுவார்.

கதவுக்கு முன்னால் நிற்கும் தடுப்பாட்டக்காரி பஸ் கண்டக்டர் அக்கா. நல்ல உயரம், அதைவிட நீளமான நாக்கு. பந்து நழுவாமலிருக்க விரலில் பூசும் பிசினைக் கழுவாமலே வேலைக்குப் போய்விடுவாள். அவள் பஸ்ஸில் ஏறியவர்களுக்கு ஒரு டிக்கெட் கேட்டால் மூன்று ஒட்டிக்கொண்டு வரும்.

எதிரி தூரத்திலிருந்து எறியும்போது முழு கோலையும் ஒருத்தி காக்க முடியாது. கோல்கீப்பர் ஒரு பக்கத்தை எடுத்துக்கொள்வாள், முன்னால் நிற்பவள் கையைத் தூக்கி மறுபக்கத்தை மறைப்பாள். எந்தப் பக்கம் யாருக்கு என்பதைக் கண் இமைக்கும் நேரத்தில் சொல்லியாக வேண்டும். மற்ற அணிகள் எண்களை வைத்துக்கொண்டு என்னென்னவோ ரகசிய பாஷை பேசினார்கள். எங்கள் சித்தி சலவைக் கூடத்துப் பாஷையைக் கொண்டுவந்தாள். “வலது எனக்கு!” என்றால் கண்டக்டர் அக்கா இடது பக்கம் சாய்வாள். “இடது எனக்கு!” என்றால் வலது பக்கம். பார்க்கிறவர்களுக்குச் சின்னப் பிள்ளைகள் மிட்டாய் பங்கு போடுவது மாதிரி இருக்கும். அந்தப் பங்கு போடலில்தான் கிளப்புக்குக் கோப்பை மேல் கோப்பையாக வந்தது. டீச்சரின் இரும்பு அலமாரி மேல் இடம் போதாமல் ஒரு கோப்பையில் பந்துக்குக் காற்றடிக்கும் ஊசிகளைப் போட்டு வைத்திருந்தார்கள்.

அவ்வளவிலும் பெரிய கோப்பை ஒன்று உண்டு. குழந்தையைத் தூக்குவது போல இரண்டு கையாலும் தூக்க வேண்டும். வருஷா வருஷம் ஜெயித்தவர் வாங்கிப்போய்த் துடைத்து வைத்திருந்து, அடுத்த வருஷம் திருப்பித் தர வேண்டும். தொடர்ந்து மூன்று வருஷம் ஜெயித்தால் மட்டும் திருப்பித் தர வேண்டாம், அந்தக் கிளப்புக்கே சொந்தம். மூன்று வருஷத்துக்கு முன்னால், சித்தி அதைத் தொடர்ந்து இரண்டு முறை வாங்கியிருந்தாள். மூன்றாவதுக்குக் காத்திருந்தாள். காத்திருந்தாள் என்பது சின்ன வார்த்தை. தூக்கத்தில் கையை விரிப்பாள். அம்மா இரண்டு தடவை அடி வாங்கியிருக்கிறாள்.

அப்போது எங்கள் வீட்டில் ஒரு தொல்லை இருந்தது. கதவுக்குப் பின்னால், அலமாரிக்குப் பக்கத்தில், படிக்கட்டுத் திருப்பத்தில் ஒளிந்துகொண்டு சித்தி மேல் எதையாவது எறியும். சோப்பு, வெங்காயம், சுருட்டிய சாக்ஸ். சித்தி திரும்பியே பார்க்க மாட்டாள். பேசிக்கொண்டிருப்பதை நிறுத்தவும் மாட்டாள். கை மட்டும் போய்ப் பிடித்துக்கொண்டு வரும். பிடித்த வெங்காயத்தை அப்படியே அம்மாவிடம் நறுக்கக் கொடுப்பாள். அந்தத் தொல்லை யார் என்று வாசகர்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

ஒருநாள் மாலை சித்தி துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். இடது பக்கத்திலிருந்து சாக்ஸ் உருண்டை பறந்தது. கை அசையவில்லை. உருண்டை தோளில் பட்டுத் தரையில் விழுந்தது.

பிறந்ததிலிருந்து முதல் கோல். நான் மாடியே அதிரும்படி கத்திக் குதித்தேன். சித்தி சிரிக்கவில்லை, திட்டவும் இல்லை. தரையில் கிடந்த சாக்ஸைப் பார்த்தாள். பிறகு வலது பக்கம் திரும்பிப் பார்த்தாள். அங்கே யாரும் இல்லை.

“எங்கேருந்து வந்துச்சு?” என்று கேட்டாள்.

குதித்தது பாதியில் நின்றுவிட்டது.

கண் ஆஸ்பத்திரியில் ஒரு பெட்டிக்குள் முகத்தை வைத்துக்கொள்ளச் சொன்னார்களாம். ஒவ்வொரு கண்ணாக மூடிக்கொண்டு, உள்ளே எங்கெங்கோ வந்து போகும் சின்ன வெளிச்சப் புள்ளி தெரியும்போதெல்லாம் பொத்தானை அழுத்த வேண்டும். சித்தி கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு உட்கார்ந்து அழுத்தியிருக்கிறாள். இடது கண்ணுக்கு வந்த படத்தில் ஓரம் முழுக்கக் கறுப்பு. மெஷினில் அந்தப் பக்கத்து பல்பு ஃபியூஸ் போயிருக்கும், இன்னொரு தடவை போடுங்கள் என்று சண்டை பிடித்திருக்கிறாள். இன்னொரு தடவையும் கறுப்புதான்.

கண்ணுக்குள் அழுத்தம் ஏறி நரம்பு தேய்ந்துகொண்டே வந்திருக்கிறது, வலி எதுவும் இல்லாததால் தெரியவில்லை என்று டாக்டரம்மா சொன்னார். போன பார்வை திரும்பாது. இருப்பதைச் சொட்டு மருந்து போட்டுக் காப்பாற்றலாம். முகத்தில் அடி படக்கூடாது. என்ன வேலை செய்கிறீர்கள் என்று கேட்டாராம். துணி துவைக்கிறேன் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டாள் சித்தி. பொய் இல்லை. முழுசும் இல்லை.

வீட்டுக்கு வந்து என்னைக் கூப்பிட்டு, “உன் வாய் ஓட்டை வாய்னு தெரியும். ஃபைனல் வரைக்கும் மட்டும் தச்சு வெச்சுக்கோ” என்றாள். அவ்வளவு மெதுவாக அவள் என்னிடம் பேசியதே இல்லை. தைத்துக்கொண்டேன்.

கண்டக்டர் அக்காவிடம் மட்டும் அவளே சொன்னாள். கடைசி டிரிப் முடிந்து காலியாக நின்ற பஸ்ஸில், பின் சீட்டில் உட்கார்ந்து சொன்னாளாம். அக்கா முதலில் திட்டித் தீர்த்தாள். இவ்வளவு வருஷம் பந்து பிடித்தது போதாதா, குருடியாகத்தான் கோப்பையைத் தடவிப் பார்க்கப் போகிறாயா என்று கேட்டாள். சித்தி முன் சீட்டுக் கம்பியில் ஒட்டியிருந்த பிசினைச் சுரண்டிக்கொண்டிருந்தாள். கடைசியில் அக்காதான் இறங்கி வந்தாள்.

“சரி விடு. இனிமே இடது எனக்கு. என்கிட்ட டிக்கெட் வாங்காம ஒரு பந்து அந்தப் பக்கம் போயிடுமா?”

அதன்பிறகு நடந்த ஆட்டங்களில் சித்தியின் வாயிலிருந்து ஒரே கூப்பாடுதான்: “வலது எனக்கு, இடது உனக்கு!” எப்போதும் அதே. கண்டக்டர் அக்கா இடது பக்கமே சாய்ந்து சாய்ந்து நின்றாள். கதவுக்கு வயசாகிவிட்டது, ஒரே பாட்டைப் பாடுகிறது என்று டீச்சர் நினைத்தாராம். ஆனாலும் அணி ஃபைனலுக்கு வந்துவிட்டது.

மாற்று கோல்கீப்பராக பெஞ்சில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். பேக்கரியில் ரொட்டித் தட்டு அடுக்குகிறவள். அந்த வருஷம்தான் சேர்ந்திருந்தாள். கதவு ஒன்று இருக்கும்போது இவளுக்கு என்ன பேர் என்று கேட்டார்கள், ஜன்னல் என்று வைத்துவிட்டேன். பாவம், அப்போது அதற்குப் பொருத்தமாகத்தான் ஆடினாள். காற்று தாராளமாக வந்து போகும்.

ஃபைனலில் இரண்டு பக்கமும் மாறி மாறி ஏறிக்கொண்டே போய், கடைசி நிமிஷத்தில் சமமாக நின்றது. எதிரணிக்காரி ஒருத்தி இடது பக்கம் புகுந்துவிட்டாள். அவளுக்கும் கோலுக்கும் நடுவில் சித்தியின் தெரியாத கண்தான் இருந்தது. களத்தில் அது தெரிந்த ஒரே ஆள் கண்டக்டர் அக்கா. பாய்ந்துபோய் எறிகிற கையையே பிடித்துவிட்டாள். விசில். நேரம் முடிந்தது, பெனால்டி மட்டும் பாக்கி.

பெனால்டி என்றால் முன்னால் மறைக்க யாரும் கிடையாது. ஏழு மீட்டர் தூரத்தில் பந்தோடு ஒருத்தி, கோலில் ஒருத்தி. எனக்கு உண்டு, உனக்கு கிடையாது.

சித்தி கோட்டில் நின்றாள். கையை விரித்தாள். எதிரே நின்றவள் பந்தை உள்ளங்கையில் உருட்டிக்கொண்டிருந்தாள். சித்தி தலையை மெதுவாக இடது பக்கம் திருப்பி கம்பத்தைப் பார்த்தாள். பிறகு நேரே பார்த்தாள். பிறகு கையை இறக்கிவிட்டு பெஞ்சை நோக்கி நடந்து வந்தாள். அரங்கம் முழுக்க என்ன ஆச்சு என்று எழுந்து நின்றது. டீச்சருக்கு வாயில் ஈ போனாலும் தெரிந்திருக்காது.

“டீச்சர், எனக்கு இடது பக்கம் கண்ணு தெரியல. பாப்பாவ அனுப்புங்க.”

டீச்சர் பெஞ்சிலிருந்த ஜன்னலைக் கை காட்டி எழுப்பினார்.

ஜன்னல் போய் நின்றாள். விசில் ஊதியதும் அவள் இடது பக்கம் பாய்ந்தாள். பந்து வலது பக்கம் போய் வலையில் விழுந்தது.

வலது பக்கம். சித்தி கண்ணை மூடிக்கொண்டுகூடப் பிடிக்கும் பக்கம்.

கோப்பை வேறு ஊருக்குப் போனது. எங்கள் தெருவில் ஆளாளுக்குக் கணக்கு போட்டார்கள். நின்றிருந்தால் பிடித்திருப்பாள், ஒரு நிமிஷம் தைரியமாக நின்றிருக்கலாம், ஊர் பேரைக் கெடுத்துவிட்டாள் என்றார்கள். வாய் தையல் பிரித்துக்கொண்டு நானும் சில பேருக்குப் பதில் சொன்னேன். அதெல்லாம் மலரில் அச்சிடும் வார்த்தைகள் இல்லை. சித்தி எப்போதும் போல வேலைக்குப் போய் வந்தாள். நான் தாங்க முடியாமல், வலது பக்கம்தானே வந்தது, நின்றிருக்கலாம்தானே என்று ஒருநாள் கேட்டேவிட்டேன்.

“கண்ணு தெரியிற பக்கமா பாத்து எறின்னு அவகிட்ட கேக்க முடியுமாடி?” என்றாள். போர்வை மடிக்கும் கை நிற்கவில்லை.

தோற்ற அன்றைக்கு உடை மாற்றும் அறையில் நடந்ததை ஜன்னல் பிறகு என்னிடம் சொன்னாள். அவள் ஒரு மூலையில் துண்டுக்குள் முகத்தைப் புதைத்து அழுதுகொண்டிருந்தாளாம். மற்றவர்கள் யாரும் பக்கத்தில் வரவில்லை. சித்தி எதிரே வந்து தரையில் உட்கார்ந்து, அவளுடைய ஷூ கயிற்றை அவிழ்த்துவிட்டாள். அடுத்து கண்ணைப் பற்றி எல்லாவற்றையும் சொன்னாள். ஆஸ்பத்திரிக்குப் போனது, மறைத்தது, மறைத்ததனால்தான் கண்டக்டர் அந்தக் கையைப் பிடிக்க வேண்டி வந்தது என்பது வரை. “அந்த கோல் உன்னுது இல்ல. நான் ஒரு மாசம் முன்னாடியே வாங்கிட்டேன். நீ இப்பதான் பாத்த” என்றாளாம். ஜன்னல் அன்றைக்கு அழுகையை நிறுத்தவில்லை. ஆனால் மறுநாள் பயிற்சிக்கு வந்துவிட்டாள்.

சித்தியும் வந்தாள். கோலுக்கு முன்னால் இல்லை, வலைக்குப் பின்னால். ஒவ்வொரு நாளும் சலவைக் கூடத்திலிருந்து நேராக வந்து, ஒரு ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, பின்னாலிருந்து ஜன்னலுக்குச் சொல்லிக்கொண்டே இருப்பாள். காலை அகட்டாதே, பந்தைப் பார்க்காதே, தோளைப் பார். அடுத்த வருஷம் பெரிய கோப்பை திரும்பி வந்தது. அதற்கடுத்த வருஷமும். இந்த வருஷம் மூன்றாவது. இனி யாருக்கும் திருப்பித் தர வேண்டாம். டீச்சர் அலமாரி மேல் மற்ற கோப்பைகளை எல்லாம் தள்ளி இடம் பண்ணியிருக்கிறார். ஜெயித்த அன்று ஜன்னல் கோப்பையைத் தூக்கிக்கொண்டு நேராக வலைக்குப் பின்னால்தான் ஓடினாள். சித்தி அதை இரண்டு கையாலும் வாங்கி, கொஞ்ச நேரம் வைத்திருந்துவிட்டு, விளிம்பில் பிசின் ஒட்டியிருக்கிறது, யார் கைப்பிசின் இது என்று கேட்டாள். கண்டக்டர் அக்கா கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

பேர் மட்டும் மாறவில்லை. கோலில் நிற்கிறவள் இன்னும் ஜன்னல்தான், ஸ்டூலில் உட்கார்ந்திருப்பவள் இன்னும் கதவுதான். சொட்டு மருந்து தவறாமல் போட்டுக்கொள்கிறாள். வலது கண் இதுவரை நன்றாக இருக்கிறது.

இதை எழுதி முடித்து நேற்று பயிற்சி முடிந்ததும் சித்திக்குப் படித்துக் காட்டினேன். முதல் பத்தியைக் கேட்டுவிட்டு, வால்நட்சத்திரத்தை எடுத்துவிடு என்றாள். எடுக்கவில்லை. கடைசிவரை கேட்டுவிட்டு ஸ்டூலை மடக்கி வைத்தாள். வீட்டுக்கு நடந்தோம். பஸ்ஸும் லாரியும் உரசிக்கொண்டு போகிற ரோடு. பாதி வழியில் நின்றாள்.

“எல்லாம் எழுதின. சாக்ஸ் எறிஞ்சத எழுதின, ஊர்ல பேசுனத எழுதின. ஒண்ண மட்டும் விட்டுட்டியே.”

என்ன விட்டேன் என்று கேட்டேன்.

“இந்த மூணு வருஷமா ரோட்டுல என் இடது பக்கமாவே ஒட்டிக்கிட்டு வர்றியே, அத ஏன் எழுதல?”

அந்தப் பக்கம்தான் நிழல் இருக்கிறது, அதனால்தான் என்றேன்.

சித்தி வானத்தைப் பார்த்தாள். தெருவிளக்கைப் பார்த்தாள். பிறகு தலையை முழுசாக இடது பக்கம் திருப்பி என்னைப் பார்த்தாள்.

“ராத்திரி ஏழு மணிக்கு என்னடி நிழல்?”