கிழக்கு வாயில் ஐந்தடி

இரண்டு தீவுகளுக்கும் நடுவே உள்ள நீரிணை மகா ஒடுக்கம். அந்தக் கரையில் காயப்போட்ட துணி என்ன நிறம் என்று இந்தக் கரையிலிருந்தே சொல்லிவிடலாம். ஆனால் குணம் கெட்ட தண்ணீர். நீரிணையின் கிழக்கு வாயில் கடல் ஏற்றம் என்றால் மேற்கு வாயில் இறக்கம். நடுவில் ஆறு மாதிரி ஓடி, மணலை இஷ்டத்துக்கு இடம் மாற்றும். கப்பல் போக ஒரே ஒரு தடம்தான்.

அந்தத் தடத்தின் ஆழத்தை முப்பது வருடமாக அளந்து வரைபடம் போட்டவர் எங்கள் துறைமுக அலுவலகத்து ஆழக்காரர். வாளியில் தண்ணீர் பிடித்தாலும் இத்தனை அங்குலம் என்பார் என்று அவர் மனைவியே கிண்டலடிப்பார். பக்கத்து மேசைக் குமாஸ்தாவான நான் எழுதிய ஒரு எண்ணைக்கூட அவர் சும்மா விட்டதில்லை. அதில் எனக்குக் கொஞ்சம் எரிச்சலும் உண்டு.

போன மாதம் பட்டப்பகலில், இறக்க நேரத்தில், பயணிகள் கப்பல் கிழக்கு வாயில் தரைதட்டியது. ஓட்டியவர் அவருடைய மருமகன். நல்லவேளை, உயிர்ச்சேதம் இல்லை. விசாரணைக்கு மருமகன் எழுதிக் கொடுத்தது ஒரே வரி: தடம் விட்டு விலகிவிட்டேன், தப்பு என்னுடையது. உரிமம் பறிபோகும் என்று தெரிந்தே எழுதினார்.

"நெசமாவே விலகினீங்களா மாப்பிள்ளை?" என்று கேட்டார் மாமனார்.

"விலகின மாதிரி தெரியலை மாமா. ஆனா நீங்க போட்ட அளவு தப்பாதே. அப்போ தப்பு என்னோடதாத்தானே இருக்கணும்?"

ஆழக்காரர் நேரே அலுவலகம் வந்து குறிப்பேட்டைப் புரட்டினார். அளந்த ஆழத்திலிருந்து அந்த நேரத்து ஏற்றத்தைக் கழித்துத்தான் வரைபடத்தில் போட வேண்டும். அவர் அளந்த அன்று கிழக்கு வாயில் ஏற்றம் ஐந்தடி. அவர் கழித்திருந்ததோ மேற்கு வாயின் கணக்கை, வெறும் அரை அடி. அதனால் வரைபடம் அங்கே நாலரை அடி ஆழம் கூடுதலாகக் காட்டியது.

"மணல் நகர்ந்துடுச்சுன்னு எழுதிடலாம் சார். ரெண்டு பேருமே தப்பிச்சுடுவீங்க," என்றேன். இப்போது நினைத்தால் வெட்கமாகத்தான் இருக்கிறது. அவர் முறைத்த முறைப்பில் வாயை மூடிக்கொண்டேன்.

விசாரணையில் எழுந்து நின்று, "கப்பல் தடத்துலதான் போச்சு. நான் போட்ட அளவுதான் தப்பு," என்றார். மருமகனின் உரிமம் தப்பியது.

வெளியே வராந்தாவில் மருமகனின் கையைப் பிடித்துக்கொண்டார். மருமகன் கையை இழுத்துக்கொள்ளவில்லை.

"நாளைக்குக் காலையில முந்நூறு பேரை ஏத்திக்கிட்டுப் போகணும் மாமா," என்றார். "மத்த அளவெல்லாம் சரிதானே?"

ஆழக்காரர் அவர் கையை விட்டுவிட்டு, குறிப்பேட்டை முதல் பக்கத்திலிருந்து மறுபடி பார்க்க அலுவலகத்துக்கு விரைந்தார்.