நெற்றியோடு நின்ற தாய்மாமன்

போன தை மாதம், ஒரு வெள்ளிக்கிழமை காலை. கம்பைநல்லூர் பக்கம் ஒரு சின்ன மண்டபத்தில் காதுகுத்து விழா. மேடையில் இருந்த பெரிய எல்.இ.டி. திரையில் ஓடிய வீடியோ என் கைவண்ணம். விசேஷங்களுக்கு அசையும் படங்கள் செய்து கொடுப்பதுதான் என் தொழில். எல்லாம் செல்போனில் பார்த்துக் கற்றுக்கொண்டது. ஆனாலும் வாய் மட்டும் பெங்களூரு ஸ்டுடியோ ரேஞ்சுக்கு இருக்கும்.

இந்த வேலையில் கீஃப்ரேம் என்று ஒன்று உண்டு. 'இந்த வினாடியில் கீழே இரு, அந்த வினாடியில் மேலே வந்து நில்' என்று படத்துக்கு நாம் வைக்கிற குறி. அப்படிப் பல படங்களைச் சேர்த்து வைப்பது காம்போசிஷன். ஒரு டப்பா மாதிரி. அந்த டப்பாவை இன்னொரு பெரிய டப்பாவுக்குள்ளும் வைக்கலாம். குழந்தையின் மூன்று தாய்மாமன்களையும் உள் டப்பாவில் போட்டு, ஒருவர் பின் ஒருவராகக் கீழேயிருந்து எழும்பி வரும்படி வைத்திருந்தேன்.

"பாட்டு முடிஞ்சப்புறமும் படம் ஓடுதுங்கக்கா, கொஞ்சம் குறைச்சிடுங்க" என்று குழந்தையின் அம்மா முந்தின நாள் சொன்னார். இவ்வளவுதானே என்று வெளி டப்பாவின் வாலை, அதாவது கடைசிச் சில வினாடிகளை, நறுக்கிவிட்டேன். உள்ளே என்ன ஆயிற்று என்று எட்டிக்கூடப் பார்க்கவில்லை. திமிர், வேறென்ன!

விழாவில் வீடியோ ஓடியது. பெரிய மாமா ஜம்மென்று வந்தார். நடு மாமா வந்தார். சின்ன மாமாவுக்குத் தலைமுடி வந்தது, நெற்றி வந்தது, புருவம் தெரிவதற்குள் வீடியோ முடிந்து மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தது. சுற்றிச் சுற்றி ஓடும்படி வைத்ததும் நான்தான். ஒவ்வொரு சுற்றிலும் அந்த மனிதர் கிணற்றுக்குள்ளிருந்து எட்டிப் பார்ப்பது போல நெற்றியைக் காட்டிவிட்டு மறைந்தார். கூட்டம் சிரிக்க ஆரம்பித்தது. எனக்கும் சிரிப்பு வந்தது, சத்தியமாக.

அப்போது குழந்தையின் அம்மா மூச்சிரைக்க ஓடிவந்தார். "அக்கா, சின்னண்ணன் இதைப் பார்த்துட்டு சீர்த்தட்டோட வாசல்லயே நின்னுட்டாருங்க. உள்ள வரமாட்டேங்கிறாரு. அவரு மடியில வெச்சித்தான் காது குத்தணும். பத்தரைக்கு ராகு காலம் வந்துடுங்கக்கா!"

மணி பத்து. வாசலுக்கு ஓடினேன். தொப்பூரில் பஞ்சர் கடை வைத்திருப்பவர் அவர். "எங்கண்ணனுங்க ரெண்டு பேரும் வாத்தியாருங்க. அவங்க முழுசா வந்தாங்க. பஞ்சர் ஒட்றவனுக்கு நெத்தி போதும்னு விட்டுட்டீங்களாங்க?" என்றார். சிரித்த வாய் அப்படியே மூடிக்கொண்டது. ரொம்ப வெட்கமாகப் போய்விட்டது.

திரும்பி ஓடி லேப்டாப்பைத் திறந்தேன். அது திரையோடு இணைந்திருந்ததால் நான் செய்வதெல்லாம் மண்டபத்துக்கே தெரிந்தது. பதற்றத்தில் உள் டப்பாவைத் திறக்காமல், வெளி டப்பாவின் கீஃப்ரேமைப் பிடித்து இழுத்தேன். மொத்தக் குடும்பமும் மேலே ஏறியது. பெரிய மாமாவும் நடு மாமாவும் தலை திரைக்கு வெளியே போய் வெறும் சட்டையோடு நின்றார்கள். உள் டப்பாவுக்குள் இன்னும் எழும்பாத சின்ன மாமாவுக்கு மட்டும் அதே நெற்றி. "ஐயய்யோ, இருந்ததும் போச்சே!" என்று யாரோ கத்தினார்கள். காது குத்த வந்த ஆசாரி ஊசியைக் கீழே வைத்துவிட்டு வேடிக்கை பார்த்தார்.

என் முதுகுக்குப் பின்னால் ஒரு குரல். "ஏம்மா, டியூப்புல ஓட்டை இருந்தா டயர் மேல ஒட்டுப் போட்டா நிக்குமா? உள்ள பிரிச்சுப் பாருங்க."

பார்த்தால் சின்ன மாமா! கையில் சீர்த்தட்டு அப்படியே இருக்கிறது. இன்னொருத்தர் தப்பாக வேலை செய்வதைப் பார்த்துக்கொண்டு வாசலில் நிற்க அவரால் முடியவில்லை போலிருக்கிறது. எனக்குச் சுரீரென்று உறைத்தது. வெளி டப்பாவைப் பழையபடி வைத்துவிட்டு, உள் டப்பாவைத் திறந்து, அவருடைய கீஃப்ரேமை மூன்று வினாடி முன்கூட்டியே வரும்படி நகர்த்தினேன். நெற்றி, புருவம், மீசை, சிரிப்பு என்று முழு ஆளும் எழும்பினார். மண்டபமே கைதட்டியது.

"இதாங்க நம்ம மூஞ்சி" என்றார். சீர்த்தட்டை மேடையில் வைத்துவிட்டு உட்கார்ந்தார். பத்து இருபத்தைந்துக்கு அவர் மடியில் குழந்தை வீலென்று கத்தியது.

பிறகு அவரிடம் போய், "மன்னிச்சிடுங்கண்ணா" என்றேன். "அட விடும்மா, சாப்ட்டுப் போங்க" என்று பந்திக்கு அனுப்பிவிட்டார். யாரையும் சிறுமைப்படுத்த நான் நினைக்கவே இல்லை. ஆனால் கடைசியில் யார் நிற்கிறார் என்றுகூடப் பார்க்காமல் நறுக்கினேனே, அது வேண்டுமென்றே செய்வதைவிடப் பெரிய தப்பாக இன்றும் என்னை உறுத்துகிறது.