அர்மான் சொல்லாமல் விட்ட தவறு

அர்மான் வெலெட் எங்கள் ஊர்க் காகித ஆலையில் ஷிப்ட் மேற்பார்வையாளராக இருந்தவர். அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தின் வடகோடியில் அந்த ஆலையை விட்டால் பெரிதாக வேறு பிழைப்பில்லை. அதை மூடியபோது அவருக்கு ஐம்பத்தேழு வயது. அவர் அப்பா அங்கே வேலை பார்த்தார், இவரும் சேர்ந்துகொண்டார். நேர்காணல் என்ற ஒன்றுக்கு அவர் போனதே இல்லை.

முதன்முதலாக ஒரு மரப்பலகைத் தொழிற்சாலையில் கூப்பிட்டார்கள். "வேலையில நீங்க செஞ்ச பெரிய தப்பு ஒண்ணு சொல்லுங்க" என்று கேட்டார்கள். அர்மான் உள்ளதைச் சொன்னார். ஒருநாள் உருளையில் காகிதம் சிக்கிக்கொண்டது. உற்பத்தி தடைபடக் கூடாதே என்று, இயந்திரத்தை நிறுத்தாமலேயே அதை எடுக்கச் சொன்னார். அவர் ஷிப்டில் வேலை பார்த்த லியோ மிஷோ உள்ளே கையை விட்டான். முழங்கைக்குக் கீழே எதுவும் மிஞ்சவில்லை.

எதிரே இருந்தவர்கள் பேனாவைக் கீழே வைத்துவிட்டார்கள். அதற்குப் பிறகு கேட்டதெல்லாம் மரியாதைக்குக் கேட்டது.

வீட்டில் மனைவி கொலெட் பொரிந்து தள்ளினாள்.

"ஏன்யா, அது என்ன சர்ச்சா, பாவமன்னிப்பு கேக்க?"

"தப்பு என்னன்னுதானே கேட்டாங்க."

"சின்னதா ஒண்ணு சொல்லணும். என்ன ஆச்சு, நீ என்ன பண்ணின, கடைசியில எப்படிச் சரியாச்சு. அதுதான் அவங்களுக்கு வேணும்."

"லியோ விஷயம் சரியாகவே இல்லையே, கொலெட்."

"அதான் அதைச் சொல்லாதேங்கறேன்!"

பனிக்காலம் முழுக்கச் சமையலறை மேஜையில் ஒத்திகை நடந்தது. தான் லாரி மாற்றி அனுப்பிவிட்ட காகித உருளைகளை அர்மான் பாதி வழியில் மடக்கித் திருப்பிய கதையை இருவரும் தேய்த்துத் தேய்த்து மெருகேற்றினார்கள். நடந்த கதைதான், யாருக்கும் ஒரு கீறல்கூட விழாத கதை.

பனி உருகியதும் உருளைக்கிழங்கு ஆலையிலிருந்து அழைப்பு வந்தது. கேள்வி கேட்ட டாரா கெட்டிக்காரப் பெண். லாரிக் கதையைக் கடைசிவரை கேட்டுவிட்டு, "நீங்க செஞ்சதுலயே பெரிய தப்பு இதுதானா?" என்றாள்.

"ஆமாங்க."

அவள் எதுவும் பேசாமல் காத்திருந்தாள். அர்மானும் வாயைத் திறக்கவில்லை. வேலை கிடைத்தது.

ஞாயிறுதோறும் பழைய ஆலைக்காரர்கள் நாங்கள் யாராவது ஒருவர் வீட்டில் கூடுவோம்; அந்த வாரம் கொலெட் எங்களையெல்லாம் விருந்துக்குக் கூப்பிட்டாள். லியோவும் வந்திருந்தான். எல்லோரையும்விட அவனுக்குத்தான் சந்தோஷம்.

"எனக்கும் சொல்லிக்குடு பாஸ். வாட்ச்மேன் வேலைக்குக் கூப்பிட்டிருக்காங்க. கை எப்படிப் போச்சுன்னு கேட்டா என்ன சொல்லட்டும்?"

கொலெட் எழுந்து தட்டுகளை எடுக்க ஆரம்பித்தாள்.

"உன் மேற்பார்வையாளர் சொல்லித்தான் கையை விட்டதா சொல்லு" என்றார் அர்மான்.

"ஐயோ, பழைய முதலாளிங்களைக் குறை சொன்னா எடுக்கவே மாட்டாங்களாம். என் கவனக்குறைவுதான், இப்ப ரொம்ப உஷாரா இருக்கேன்னு சொல்லிடறேன். எப்படி இருக்கு?"

லியோ நிமிர்ந்து உட்கார்ந்து, முகத்தில் சிரிப்பை வரவழைத்துக்கொண்டு, அதை ஒருமுறை சொல்லிக் காட்டினான். பிறகு இன்னொரு முறை.

"நல்லா இருக்கு" என்றார் அர்மான்.

லியோவுக்கு அந்த வேலை கிடைக்கவில்லை. காரணம் யாரும் சொல்லவில்லை. அர்மான் இன்னும் கிழங்கு ஆலையில்தான் இருக்கிறார். நல்ல மேற்பார்வையாளர் என்று அங்கே பெயர். ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் யார் வீட்டுக்கும் அவர் வருவதில்லை.