செருப்பும் மூன்றாவது கம்பியும்

முதலில் மன்னிப்பு. இந்தப் பக்கத்தில் இதுவரை டில்லி ஐ.என்.ஏ. மார்க்கெட் முருங்கைக்காய் பற்றி எழுதியிருக்கிறேன். பால் பூத் வரிசை பற்றி, மாடி வீட்டு அம்மாள் மாவு அரைக்கிற சத்தம் பற்றி எழுதியிருக்கிறேன். அதற்கெல்லாம் படிப்பு தேவையில்லை. இந்த வாரம் மின்சாரம்! எஸ்.எஸ்.எல்.சி.யில் சயன்ஸில் தட்டுத் தடுமாறிக் கரையேறியவள் மின்சாரம் பற்றி எழுதலாமா? படிக்கிற எஞ்சினியர்கள் தாராளமாகச் சிரிக்கட்டும். சிரித்துவிட்டு... கடைசி வரை படித்துவிடுங்கள்.

பழைய வாசகர்களுக்குத் தெரியும், நான் ஒரு சர்க்கார் ஆபீஸில் டெலிபோன் ஆபரேட்டர். கம்பி வழியாக யாரோடும் பேசுவேன். பெரிய அதிகாரி எரிந்து விழுந்தாலும் "ஹோல்ட் ஆன் ப்ளீஸ், சார்" என்று குரல் தடுமாறாமல் சொல்லிவிடுவேன். அதே மனிதர் வராந்தாவில் எதிரே வந்தால் தூணுக்குப் பின்னால் ஒதுங்கிவிடுவேன். சுபாவம். என்ன செய்வது?

இந்த வருஷம் ஆபீஸுக்குப் புது எக்ஸ்சேஞ்ச் வரப்போகிறது. மெஷினே நம்பரைச் சேர்த்துவிடுமாம். அப்படியானால் நான்? 'சர்ப்ளஸ்'. டில்லியில் சர்க்கார் குவார்ட்டர்ஸில் இருக்கிறவர்களுக்கு இந்த வார்த்தையின் கனம் தெரியும். தேவைக்கு அதிகமான ஆள் என்று அர்த்தம். அந்தப் பட்டியலில் விழுந்தவரை எந்த ஆபீஸுக்கு, எந்த ஊருக்குத் தூக்கிப் போடுவார்கள் என்பது யாருக்கும் தெரியாது.

அதே சமயம் கம்ப்யூட்டர்களும் வரப்போகின்றன. சின்னச் சின்ன ரிப்பேர் பார்க்க உள்ளேயே ஆள் வேண்டும். சாயங்கால வகுப்பில் சேர்ந்து சர்ட்டிபிகேட் வாங்கி வந்தால் கம்ப்யூட்டர் ரூமில் வேலை. "யாருக்கு இஷ்டமில்லையோ அவர்கள் கை தூக்கலாம்" என்றார் அதிகாரி. எனக்குக் கை தூக்கவும் கூச்சம். சும்மா உட்கார்ந்திருந்தேன்.

மற்ற எல்லாரும் தூக்கிவிட்டார்கள்!

இப்படித்தான் நான் கம்ப்யூட்டர் மெக்கானிக் ஆகப் புறப்பட்டது. புசா ரோட்டிலிருந்து நடக்கிற தூரத்தில், ஒரு மாடி அறையில் வகுப்பு. நிறையக் கல்லூரிப் பையன்கள். நடுத்தர வயதில் நானும், ஏர்போர்ஸில் இருந்து ரிடையர் ஆன பெருமாளும்தான். பெருமாள் திருநெல்வேலிக்காரர். டில்லியில் எத்தனை வருஷம் இருந்தும் அவர் தமிழில் தாமிரபரணித் தண்ணீர் வற்றவில்லை. முதல் நாளே என்னை அக்கா ஆக்கிவிட்டார்.

வாத்தியார் மல்ஹோத்ரா சார். அடர்ந்த மீசை, பளபளக்கிற கறுப்பு ஷூ, அதைவிடப் பளபளக்கிற சிரிப்பு. வந்தவுடன் என்னைப் பார்த்துத்தான் முதல் கேள்வி.

"பெஹன்ஜி, ஆப்கே சத் பர் டங்கி ஹை?"

பெஹன்ஜி என்றால் சகோதரி; எங்கள் மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டி இருக்கிறதா என்கிறார். தலையாட்டினேன். டங்கி எவ்வளவு உயரத்தில் இருக்கிறதோ அவ்வளவு வேகமாகக் குழாயில் தண்ணீர் வரும். அந்த உயரம்தான் வோல்டேஜ். குழாயில் ஓடுகிற தண்ணீர் கரண்ட். குழாய் ஒல்லியாக இருந்தால், உள்ளே உப்புப் படிந்து அடைத்திருந்தால், தண்ணீர் நூல் மாதிரி வரும். அந்தத் தடைதான் ரெசிஸ்டன்ஸ்.

இவ்வளவுதானா! ராமகிருஷ்ணபுரத்தில் டங்கிக்கு நேர் கீழே, கடைசி மாடியில் குடியிருக்கிறேன். குறைந்த வோல்டேஜ் என்றால் என்ன என்று எனக்கா சொல்லித் தர வேண்டும்? கீழ் வீட்டில் குழாயைத் திறந்தால் அருவி. என் வீட்டில் கண்ணீர்.

ஆனால் ஒரு சந்தேகம். குழாயில் வந்த தண்ணீர் டங்கிக்குத் திரும்பிப் போவதில்லை. கரண்ட் மட்டும் கிளம்பிய இடத்துக்கே திரும்ப வேண்டும் என்கிறாரே, ஏன்? வகுப்பில் கேட்க வாய் வரவில்லை. இடைவேளையில் கீழே டீக் கடையில் பெருமாளிடம் கேட்டேன்.

"யக்கா, நீங்க முத்ரிகா பஸ்ஸுல போயிருக்கீங்களா?"

"தினம் கொஞ்ச தூரம் அதுலதானுங்க வர்றேன்."

"அது ரிங் ரோட்டச் சுத்திட்டு கெளம்புன எடத்துக்கே வந்து சேருதுல்லா? கரண்டும் முத்ரிகாதான். ஆனா ஒண்ணு... ரோட்ட எங்கயாவது ஒரு எடத்துல வெட்டிப் போட்டா, இந்த பஸ்ஸு பாதி தூரம் வந்து நிக்காது. கெளம்பவே கெளம்பாது! சுவிச்சுன்னா வேற என்ன நெனைச்சீங்க? ரோட்ட வெட்டுத வேலதான்."

அன்று வீடு திரும்பும்போது பஸ்ஸில் நின்றுகொண்டே சிரித்தேன். பக்கத்தில் நின்ற அம்மாள் கொஞ்சம் தள்ளி நின்றாள்.

பாடம் புரிந்தது. தொந்தரவு, மெஷினைத் தொடும்போது வந்தது.

கம்ப்யூட்டர் இருந்த அறை வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் போனேன். யாரும் சொல்லவில்லை. படிப்பு நடக்கிற இடத்தில், அதுவும் அப்படி ஒரு மெஷின் இருக்கிற இடத்தில், செருப்போடு நுழைய நமக்குக் கால் வருமா? மற்றவர்கள் எல்லாரும் ஷூ போட்டபடியே வந்தார்கள். வெயிலுக்கு இதமாக வகுப்புக்குக் கொஞ்சம் முன்னால் தரையை ஈரத் துணியால் துடைத்திருந்தார்கள். பாதத்துக்குச் சில்லென்று இருந்தது.

என் முறை வந்தது. பெட்டியின் இரும்பு மூடியைத் தொட்டேன்.

சுர்ர்ர்!

விரல் வழியாக எறும்புக் கூட்டம் ஒன்று முழங்கை வரை ஓடியது. கையை உதறினேன். "சார்... கரண்ட்..."

மல்ஹோத்ரா சார் ஓடி வந்து உள்ளங்கையைப் பெட்டிமேல் அழுத்தி வைத்தார். ஒன்றும் ஆகவில்லை. "குச் நஹீன் ஹை, பெஹன்ஜி. வஹம் ஹை." எல்லாம் மனப்பிரமை என்றார். பெருமாள் தொட்டார். பையன்கள் வரிசையாகத் தொட்டார்கள். யாருக்கும் ஒன்றுமில்லை. நான் மறுபடி தொட்டேன். சுர்ர்ர்!

"ஆன்ட்டிஜி கோ ஹீ க்யோங் லக்தா ஹை?" ஆன்ட்டிக்கு மட்டும் எப்படி அடிக்கிறது என்று ஒரு பையன் கேட்க, வகுப்பே சிரித்தது.

"என்னக்கா, கரண்டுக்கும் ஒங்களுக்கும் முன்ஜென்மத்துப் பகையா?" என்றார் பெருமாள்.

அடுத்தடுத்த வகுப்புகளிலும் இதே கதைதான். மூடியைத் தொடுவேன், துள்ளுவேன், சிரிப்பார்கள். ஒரு தடவை கையை உதறியதில் ஸ்க்ரூ பெட்டிக்குள் விழுந்து, அதைத் தேடி எடுப்பதற்குள் வகுப்பு முடிந்துவிட்டது. சனிக்கிழமை மல்ஹோத்ரா சார் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். கோபமாக அல்ல, கவலையாகத்தான் பேசினார். செவ்வாய்க்கிழமை செய்முறைப் பரீட்சை. பவர் சப்ளையைக் கழற்றி மாட்டி மெஷினை ஓட விட வேண்டும். நடுங்குகிற கையால் அது முடியாது. பயம் போகாவிட்டால் விட்டுவிடுங்கள், ஆபீஸுக்கு நான் பக்குவமாகச் சொல்லிக்கொள்கிறேன் என்றார்.

பக்குவமாகச் சொன்னாலும் சர்ப்ளஸ், சர்ப்ளஸ்தானே?

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வீட்டுக்காரரிடம் விஷயத்தைச் சொன்னேன். கோயம்புத்தூர்ப் பக்கத்து மனுஷர். எதற்கும் பதறமாட்டார்.

"விட்டுப் போடு கண்ணு. எங்க தூக்கிப் போட்டாலும் போட்டுட்டுப் போறான். பாத்துக்கலாம்."

பாத்துக்கலாம் என்று என் வாயும் சொன்னது. கண் மகளின் ஸ்கூல் பையைப் பார்த்தது. அவர் ஆபீஸ் டில்லியில். எனக்கு வேறு ஊர் என்றால்...?

அந்த நேரத்தில்தான் உள்ளே இருந்து மகளின் குரல். "அம்மா, கூலர்ல பானி கதம்!"

என் பெண் டில்லியில் பிறந்தவள். அவள் தமிழில் தண்ணீர் தீராது, கதம்தான் ஆகும். வாளியில் தண்ணீர் எடுத்துக்கொண்டு பால்கனிக்குப் போனேன். பின்னாலேயே வீட்டுக்காரர் கத்தினார்.

"ஏ... செருப்பு! செருப்பப் போட்டுட்டுப் போ! அந்த டப்பா அடிக்கும்!"

டில்லி வாசகர்களுக்கு இதை விளக்க வேண்டாம். மதராஸில் இருக்கிறவர்களுக்காகச் சொல்கிறேன். கூலர் என்பது ஒரு தகரப் பெட்டி. உள்ளே தண்ணீரும் இருக்கும், மோட்டாரும் இருக்கும். வேறென்ன வேண்டும்? கோடைக்காலத்தில் டில்லியில் எந்த வீட்டிலும் ரப்பர் செருப்பு இல்லாமல் கூலர் பக்கம் போகமாட்டார்கள். விருந்தாளி வந்தால் குடிக்கத் தண்ணீர் கொடுக்கும்போதே "கூலரைத் தொடாதீங்க" என்பதையும் சேர்த்துக் கொடுப்பார்கள்.

ஒரு காலைச் செருப்புக்குள் நுழைத்தேன். அடுத்த காலை நுழைக்கவில்லை. அப்படியே வாளியோடு நின்றுவிட்டேன்.

ரப்பர் செருப்பு என்ன செய்கிறது? ரோட்டை வெட்டுகிறது. பெட்டியில் இருக்கிற கரண்ட் என் கை வழியாக இறங்கி, கால் வழியாகத் தரைக்குப் போய், தன் வீட்டுக்குத் திரும்பப் பார்க்கிறது. செருப்பு இருந்தால் வழியில்லை. வழியில்லாவிட்டால் முத்ரிகா கிளம்பாது. வகுப்பில் எல்லாரும் ஷூ போட்டிருக்கிறார்கள். ஈரத் தரையில் வெறுங்காலோடு நிற்கிறவள்...

"ஏனுங்க!" என்று கத்தினேன். "எனக்குப் பயமில்லீங்க!"

"அப்பறம் என்னவாம்?"

"எனக்குச் செருப்பில்லீங்க!"

முழுக்கச் சொன்னதும் அவர் சிரித்தார். "அட, இவ்வளவுதானா? அப்போ செருப்பப் போட்டுட்டுப் போயி பரிச்சையக் குடுத்துட்டு வா. தீந்துது."

தீர்ந்ததா? நானும் அப்படித்தான் முதலில் நினைத்தேன். செருப்பைப் போட்டுக்கொண்டால் எனக்கு அடிக்காது. யாரோடும் பேச வேண்டாம், யாரும் சிரிக்க மாட்டார்கள், சர்ட்டிபிகேட்டும் வந்துவிடும். எவ்வளவு சௌகரியம்! ஆனால் பெட்டியில் கரண்ட் அப்படியே இருக்குமே? நாளைக்கு ஷூ நனைந்து எவனாவது ஒரு பையன் வந்தால்? என்னைப் பார்த்துச் சிரித்தவனாகவே இருக்கட்டும். அவனுக்கும் ஒரு அம்மா இருப்பாளே?

திங்கட்கிழமை வகுப்பில் எழுந்து நின்றேன். அதற்கே எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். கண்ணைச் சுவரில் பதித்தேன். காதில் ஹெட்போன் மாட்டியிருப்பதாக நினைத்துக்கொண்டேன். ஆபீஸ் குரல் வந்துவிட்டது.

"சார், ப்ளீஸ்... ஆப் ஜூத்தே உதார் தீஜியே."

ஒரு பஞ்சாபி வாத்தியாரை, வகுப்பு நடுவில், ஷூவைக் கழற்றுங்கள் என்கிறேன்!

"க்யா?" என்றார் சார்.

"ஜுராப் பீ, சார்." சாக்ஸையும்தான்.

என்ன நினைத்தாரோ, நாற்காலியில் உட்கார்ந்து ஷூவையும் சாக்ஸையும் கழற்றினார். ஈரத் தரையில் வெள்ளை வெளேரென்ற பாதங்களை வைத்து நடந்து வந்தார். பெட்டிமேல் கையை வைத்தார்.

"ஓயே!"

அவ்வளவு பெரிய மனிதர் அவ்வளவு உயரம் துள்ளுவார் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

"வஹம் ஹை, சார்?" என்றார் பெருமாள், முகத்தை அப்பாவியாக வைத்துக்கொண்டு.

வகுப்பு வெடித்தது. எல்லாரையும்விட அதிகமாகச் சிரித்தவர் மல்ஹோத்ரா சார்தான். சிரித்துக்கொண்டே பாக்கெட்டிலிருந்து டெஸ்டரை எடுத்துப் பெட்டியில் வைத்தார். டெஸ்டருக்குள் இருந்த குட்டி விளக்கு மங்கலாக எரிந்தது. சிரிப்பு நின்றுவிட்டது. மெயினை அணைத்துவிட்டு, சுவரிலிருந்த சாக்கெட்டைக் கழற்றினார். மூன்று ஓட்டைகள். இரண்டுக்குப் பின்னால் கம்பி இருந்தது. மேலே இருந்த பெரிய மூன்றாவது ஓட்டைக்குப் பின்னால் ஒன்றுமே இல்லை. கீழ்த்தளம் வரை வந்த எர்த் கம்பி மாடிக்கு ஏறவே இல்லை.

அன்றைய பாடம் அதுதான். கம்ப்யூட்டரின் பவர் சப்ளை கொஞ்சம் கரண்டை இரும்புப் பெட்டிக்கு அனுப்பத்தான் செய்யுமாம். அது கோளாறு இல்லை. மூன்றாவது கம்பி அதைக் கைப்பிடித்து மண்ணுக்குக் கூட்டிப் போய்விடும். கம்பி இல்லாவிட்டால் அது பெட்டியிலேயே உட்கார்ந்து யாராவது வருவார்களா என்று பார்த்துக்கொண்டிருக்கும். உள்ளே ஏதாவது ஒரு கம்பி தோல் உரிந்து முழு கரண்டும் பெட்டியைத் தொட்டுவிட்டால்... எறும்பு ஊறுவதோடு முடியாது.

மூன்றாவது கம்பி இல்லாத வீட்டில் நாம்தான் மூன்றாவது கம்பி.

நம் வீடுகளைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். வயரின் நுனியைச் சீவி, நேரே ஓட்டையில் சொருகி, தீக்குச்சியால் இறுக்குகிறோம். மூன்று கால் பிளக்கில் ஒரு காலை உடைத்துவிட்டு 'அச்சா, சல் கயா' என்று கை தட்டிக்கொள்கிறோம். ஓடுகிறது, சரி. எதுவரை ஓடும்?

இன்னொன்றும் தோன்றுகிறது, சொல்லிவிடுகிறேன். எங்கேயாவது ஒருத்தர் மட்டும் துள்ளினால் உடனே சிரித்துவிடாதீர்கள். அவர் பயந்தாங்கொள்ளியாக இருக்கலாம். ஒருவேளை அங்கே இருப்பவர்களில் அவர் காலில் மட்டும் தரை படுகிறதோ, என்னவோ?

மறுநாள் எலக்ட்ரீஷியன் வந்து பச்சை எர்த் கம்பியை மாடிக்கு இழுத்தார். டெஸ்டர் எரியவில்லை. வாசலில் நான் செருப்பைக் கழற்றப் போனேன். "பெஹன்ஜி, சப்பல்!" என்றார் மல்ஹோத்ரா சார். மாட்டிக்கொண்டு உள்ளே போய்ப் பரீட்சை கொடுத்தேன். பாஸ்.